மூக்கு எந்தப் பக்கம், பிடரி எந்தப் பக்கம்?

(மருத்துவக் கல்லூரித் தமிழ் மன்றம் ஒன்றில் முதலாண்டு மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஓய்வுபெற்ற உடற்கூறியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைவர் என்னை அறிமுகம் செய்தபோது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கூறியல் கற்பித்தவர் என்றார். உண்மைதான். அதற்கு முன்னால் நடந்த ஓர் ஐந்து நிமிடக் கதை அவருக்குத் தெரியாது. அங்கிருந்து தொடங்குகிறேன்.

என் முதலாண்டு வைவா. மேசைமேல் வெள்ளைப் பீங்கான் தட்டு. ஃபார்மலின் நெடியில் கண் கரிக்கிறது. தேர்வாளர் ஃபோர்செப்ஸால் ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பிஸ்கட் அளவு, சாம்பல் கலந்த வெளிர்நிறம், நடுவில் இருபுறமும் மை தீற்றினாற்போல ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததுமே நடுமூளை என்று தெரிந்துவிட்டது. அதன்பின் மடை திறந்த மாதிரி ஒப்பித்தேன். டெக்டம், டெக்மெண்டம், அக்விடக்ட், ரெட் நியூக்ளியஸ், சப்ஸ்டான்ஷியா நைக்ரா, க்ரஸ் செரிப்ரி. ஒரு பெயரும் விட்டுப்போகவில்லை. அவர் முடியும்வரை கேட்டுவிட்டு, "எல்லாம் சரிம்மா. இதுல மூக்கு எந்தப் பக்கம், பிடரி எந்தப் பக்கம்?" என்றார்.

நான் தயங்காமல் காட்டினேன். தலைகீழாகக் காட்டினேன்.

"அப்போ இந்த மனுஷனுக்குக் கண்ணு பிடரியில இருக்குபோல" என்றார். பக்கத்திலிருந்தவர் சிரித்ததும் நினைவிருக்கிறது. தேறிவிட்டேன், இரக்கத்தில்தான் தேறினேன் என்பது எனக்குத் தெரியும். நடுமூளையை நான் படித்தது அன்று மாலைதான். அன்று காலைவரை பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படித்திருந்தேன், அவ்வளவே.

இந்தப் பிழை இன்று இன்னும் எளிதாக நேரும். உடற்கூறியல் புத்தகங்களில் நடுமூளையின் குறுக்குவெட்டைப் பார்த்தால் முதுகுப்பக்கம் மேலே, முகப்பக்கம் கீழே இருக்கும். அதே இடத்தை ஸ்கேன் படத்தில் பாருங்கள்: முகம் மேலே, பிடரி கீழே. நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார், நாம் அவர் காலடியில் நின்று தலையை நோக்கிப் பார்க்கிறோம் என்பது ஸ்கேன் படத்தின் ஏற்பாடு. அதனால் அவருடைய வலக்கை நம் இடப்பக்கம் வரும். ஒரே உறுப்பு, இரண்டு புத்தகம், இரண்டு திசை. காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் படித்துவிட்டு, "நியூரோ அனாட்டமி மண்டையில ஏறவே மாட்டேங்குது மேடம்" என்று வந்து நிற்கும் பிள்ளைகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். மண்டையில் ஏறியிருக்கும். எந்த வாசல் வழியாக ஏறியது என்பதில்தான் குழப்பம்.

பெற்றோருக்காக ஒரு வார்த்தை. தண்டுவடம் மேலே போய் மூளையோடு சேரும் இடத்துக்கு மூளைத்தண்டு என்று பெயர். கீழிருந்து முகுளம், பான்ஸ், நடுமூளை என்று மூன்று அடுக்கு. நடுமூளைதான் குட்டி; சுமார் 2 சென்டிமீட்டர் நீளம், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். பெருமூளை உடலை அசைக்க அனுப்பும் கட்டளையும், உடலிலிருந்து பெருமூளைக்குப் போகும் தொடுவுணர்வும் வலியும் இந்த 2 சென்டிமீட்டரைத் தாண்டித்தான் போகவேண்டும். சுங்கச்சாவடி மாதிரி. அதனால்தான் இங்கே ஒரு மிளகளவு கோளாறு வந்தாலும் ஆள் படுத்துவிடுகிறார்.

இனி மாணவர்களுக்கு. இந்தப் பெயர்களைக் கண்டு ஏன் பயப்படுகிறீர்கள்? அவை மந்திரம் அல்ல. அவற்றை வைத்தவர்கள் லத்தீனில் வெகு சாதாரணமான சொற்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். டெக்டம் என்றால் கூரை. கொலிகுலஸ் என்றால் சிறுகுன்று. அக்விடக்ட் என்றால் தண்ணீர் போகும் வாய்க்கால். க்ரஸ் என்றால் கால். நைக்ரா என்றால் கறுப்பு. பெயர் வைத்தவர் பார்த்ததைச் சொன்னார். நாம் பார்க்காமல் ஒப்பிக்கிறோம், அதனால் கசக்கிறது. தமிழில் சொல்லிப்பாருங்கள்: கூரைமேல் நாலு குன்று, கூரைக்கடியில் ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு முன்னால் இரண்டு சிவப்பு உருண்டை, அதற்கும் முன்னால் இரண்டு கறுப்புப் பட்டை, கடைசியில் இரண்டு கால். நடுமூளையில் முக்கால்வாசி முடிந்தது.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற மருத்துவர் மானிப்பாயில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிரே எழுதிய உடற்கூறியல் நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழில் வந்தது. தமிழில் மருத்துவம் சொல்ல முடியுமா என்று இன்றும் பட்டிமன்றம் வைக்கிறோம். நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே ஒருவர் பட்டிமன்றத்துக்குக் காத்திராமல் அச்சுக் கோத்துவிட்டார். அந்தக் கிரே நூலில் இன்னொரு சங்கதியும் உண்டு. 1858இல் வந்த முதற்பதிப்பின் படங்களை வரைந்தவர் ஹென்றி வேண்டைக் கார்ட்டர்; பிறகு பம்பாய்க்கு வந்து பணிபுரிந்தவர். அக்காலத்துப் பல நூல்களில் உறுப்பின்மேல் எண்ணைப் போட்டு, பெயரை அடிக்குறிப்பில் வைப்பார்கள். கார்ட்டர் பெயரை உறுப்பின் மேலேயே எழுதினார். கண் ஒரே இடத்தில் பெயரையும் பொருளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. நினைவுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

சரி, குன்றுகளுக்கு வருவோம். மேலே இரண்டு, கீழே இரண்டு. மேல் இரண்டும் பார்வையோடு, கீழ் இரண்டும் கேட்டலோடு தொடர்புடையவை. பின்னால் ஆட்டோ ஹாரன் அடித்தவுடன் யோசிக்கும் முன்பே கழுத்தும் கண்ணும் திரும்புகிறதே, அதில் இந்தக் குன்றுகளுக்குப் பங்கு உண்டு.

கூரைக்கடியில் ஓடும் வாய்க்காலின் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர். ஒரு கேழ்வரகு மணி சிக்கினால் அடைபட்டுவிடும். மூளைக்குள் ஊறும் நீர் மூன்றாம் அறையிலிருந்து நான்காம் அறைக்குப் போக இதைவிட்டால் வேறு வழியில்லை. பிறவியிலேயே இது குறுகிய குழந்தைக்கு நீர் தேங்கித் தலை பெருக்கும். விழிகள் கீழே சரிந்து, கருவிழிக்கு மேலே வெள்ளை தெரியும். மருத்துவர்கள் இதை மறையும் சூரியன் என்பார்கள். ஏன் கீழே சரிகிறது? கண்ணை மேலே தூக்கும் ஏற்பாடு கூரையின் மேல்முனையை ஒட்டி இருக்கிறது. நீரின் அழுத்தம் அங்கே தாக்குகிறது. அதே இடத்தைப் பின்னாலிருந்து ஒரு பினியல் சுரப்பிக் கட்டி அழுத்தினாலும் ஆளால் அண்ணாந்து பார்க்க முடியாது. 1883இல் பாரிஸ் கண் மருத்துவர் பரினோ இந்தப் பார்வைக் கோளாற்றை விவரித்தார். ஆக, "கூரை போனால் வானம் பார்க்க முடியாது." இது என் வகுப்பு வாசகம். இலக்கணப்படி தப்பு, உடற்கூறுப்படி சரி.

இப்போது நரம்பு. நடுமூளையிலிருந்து புறப்படுபவை மூளை நரம்புகளில் மூன்றாவதும் நாலாவதும். நாலாவதன் பெயர் ட்ரோக்ளியர். ட்ரோக்ளியா என்றால் கப்பி; கிணற்றுக் கப்பி. இந்த நரம்பு இயக்கும் தசையின் நார், கண்குழியின் மூக்குப்பக்க மேல்மூலையில் ஒரு வளையத்தில் நுழைந்து திரும்பி வந்து விழியைப் பிடிக்கிறது. கப்பியில் விழுந்த கயிறேதான். மேலே இருந்து வந்தாலும் கப்பி திருப்பிவிடுவதால், மூக்கை நோக்கித் திரும்பியிருக்கும் கண்ணை அது கீழே இறக்குகிறது.

விபத்தில் சிக்கிய ஓர் இளைஞர் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். தலையில் அடிபட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. நடக்கிறார், பேசுகிறார், கை கால் எல்லாம் சரி. "கோயில் குளத்துல இறங்கும்போது மட்டும் ஒரு படி ரெண்டாத் தெரியுது. எதை மிதிக்கிறதுன்னு தெரியல" என்றார். ஏறும்போது தொல்லை இல்லை. இறங்கும்போதும் புத்தகம் படிக்கும்போதும்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தார். அம்மா அதைச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறார். சுளுக்கல்ல, இரண்டு படியை ஒரு படியாக்க அவர் உடல் தானே கண்டுபிடித்த வைத்தியம். கப்பி நரம்பு பழுது.

இந்த நரம்பு ஒரு முரடு. மூளை நரம்புகள் பன்னிரண்டில் பின்பக்கமாக வெளியே வருவது இது ஒன்றுதான். போதாததற்கு வெளியே வருமுன் இடவலம் மாறிக்கொள்ளும். வலப்பக்கக் கரு இடக்கண்ணை ஆளும். எல்லாவற்றிலும் மெல்லியதும் இதுவே, மண்டைக்குள் நெடுந்தூரம் சுற்றிவருவதும் இதுவே. அடிபட்டால் சுலபமாக அறுபடுவதற்கு வேறென்ன வேண்டும்?

மூன்றாவது நரம்பு முன்பக்கமாக, இரு கால்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் வெளியே வருகிறது. வரும் வழியில் சிவப்பு உருண்டையை ஊடுருவி, காலின் உள்ளோரத்தைத் தொட்டுக்கொண்டு வரும். அந்த வழியை மனத்தில் வைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது காய்கறிக்கடைக்காரர் ஒருவரை விடியற்காலையில் கொண்டுவந்தார்கள். வலது இமை கதவு சாத்தினாற்போல விழுந்துகிடந்தது. தூக்கிப் பார்த்தால் விழி வெளிப்புறமும் கீழ்ப்புறமும் ஒதுங்கியிருந்தது, பாவை விரிந்திருந்தது. இடது கையும் காலும் அசையவில்லை. அவர் மனைவி கேட்ட கேள்வியை மறக்க முடியாது: "கண்ணு வலப்பக்கம், கைகாலு இடப்பக்கம். ரெண்டு வியாதியாம்மா இவருக்கு?"

ரொம்பப் புத்திசாலித்தனமான கேள்வி அது. என் வகுப்பில் யாரும் கேட்காதது. ஒரே வியாதிதான், ஒரே இடம். வலது காலில், அதாவது நடுமூளையின் வலது க்ரஸில், இரத்த ஓட்டம் அடைபட்டிருக்கிறது. காலின் நடுப்பகுதியில் இறங்கும் கட்டளை இழைகள் கீழே முகுளத்தில்தான் எதிர்ப்பக்கம் மாறும். அதனால் இடக்கை, இடக்கால். காலின் உள்ளோரத்தைத் தொட்டுப்போகும் மூன்றாம் நரம்போ எங்கேயும் மாறாமல் தன் பக்கத்துக் கண்ணுக்கே போகிறது, அதனால் வலக்கண். லண்டனில் பணியாற்றிய ஹெர்மன் வெபர் 1863இல் இதை எழுதினார். அடைப்பு கொஞ்சம் பின்னால் நேர்ந்து சிவப்பு உருண்டையைத் தொட்டால், கை செயலிழப்பதற்குப் பதிலாக நடுங்கும், தடுமாறும். அதற்கு வேறு பெயர்கள். பெயரைத் தேர்வுக்கு முந்தின நாள் பார்த்துக்கொள்ளலாம். இடம் தெரிந்தால் நோயை நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

சிவப்பு உருண்டை என்றதும் ஓர் எச்சரிக்கை. ஃபார்மலினில் ஊறிய துண்டில் அது சிவப்பாக இருக்காது. புதிய மூளையில்கூட இளஞ்சிவப்புத்தான். ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை "மேடம், என் ஸ்பெசிமன்ல ரெட் நியூக்ளியஸ் இல்ல" என்று புகார் கொண்டுவரும்.

கறுப்பு அப்படியல்ல, வெறுங்கண்ணுக்கே தெரியும். 1786இல் பிரெஞ்சு மருத்துவர் விக் தஸீர் இதைப் படத்தோடு விவரித்தார். அரசி மரீ அந்துவானெத்துக்கு வைத்தியம் பார்த்தவர் அவர். கறுப்பு எதற்கு என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதத்தை எழுதினார்; அவருக்கோ நோய் தெரிந்தது, இடம் தெரியவில்லை. இந்த இரண்டு தாளும் ஒன்றையொன்று அறியாமல் நெடுங்காலம் கிடந்தன. 1893இல் பாரிஸில் பிளாக், மரினெஸ்கோ இருவரும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். இடப்பக்கம் மட்டும் பார்க்கின்சன் நடுக்கம். இறந்தபின் திறந்து பார்த்தால் வலது நடுமூளையில் காசநோய்க் கட்டி, கறுப்புப் பட்டையை அழித்திருந்தது. இதைப் பிடித்துக்கொண்ட பிரிசோ என்ற மருத்துவர், நோயின் இருப்பிடம் இதுவாக இருக்கலாம் என்றார். 1919இல் த்ரெத்தியாகாஃப் என்பவர் தம் ஆய்வேட்டில், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் அந்தப் பட்டையின் செல்கள் அழிந்திருப்பதைக் காட்டினார். அந்தச் செல்களின் வேதிப்பொருளான டோபமினின் கதை அதற்கும் நாற்பதாண்டு கழித்து: கார்ல்சன், ஹோர்னிகீவிச் என்ற இரு ஆய்வாளர்கள்.

பிறந்த குழந்தைக்கு இந்தக் கறுப்பு இல்லை, வயதோடு ஏறுகிறது. பார்க்கின்சன் நோயாளியின் நடுமூளையை நறுக்கினால் வெளுத்திருக்கும். ஒருமுறை சாதாரணத் துண்டையும் நோயாளியின் துண்டையும் ஒரே தட்டில் அருகருகே வைத்தேன். ஒரு மாணவி பார்த்துக்கொண்டே நின்றாள், நகரவில்லை. பிறகு மெதுவாக, "எங்க தாத்தாவுக்கு இதுதான் மேடம்" என்றாள். அந்தப் பெண்ணுக்குச் சப்ஸ்டான்ஷியா நைக்ரா இனி மறக்குமா?

இங்கே நினைவுக்குறிப்பு வாசகங்களைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். நான் அவற்றுக்கு எதிரி அல்ல. எல்.ஆர்.6 எஸ்.ஓ.4 என்று கண் தசைகளுக்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறீர்கள். ஏதோ சல்ஃபேட் போலிருக்கும், வேலை செய்யும். ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் பீட்டர் கேட்ஸ் 2005இல் மூளைத்தண்டு முழுமைக்கும் 'நான்கின் விதி' என்று ஒன்று எழுதினார்: முகுளத்தில் நாலு நரம்பு, பான்ஸில் நாலு, அதற்கு மேலே நாலு, அந்த நாலில் இரண்டு நடுமூளையில். கெட்டிக்காரத்தனம். ஸ்கேன் படிப்பவர்களோ ஒரு மிருகக்காட்சிசாலையே வைத்திருக்கிறார்கள். வில்சன் நோயில் சிவப்பு உருண்டைகள் இரண்டும் கண்ணாக அமைந்து பாண்டாவின் முகம் தெரியும். நலமாக உள்ளவரின் கறுப்புப் பட்டையில் தகைவிலான் குருவியின் பிளந்த வால் தெரியும். பார்க்கின்சனில் அந்த வால் காணாமல்போகும். எல்லாம் நல்லதுதான். ஆனால் வாசகம் என்பது ஆணி. மாட்டுவதற்குச் சட்டை இருக்கவேண்டும். வெறும் ஆணியாக அடித்துக்கொண்டே போனால் சுவர்தான் பாழ். அன்றைய வைவாவில் என்னிடம் இருந்தவை ஆணிகள்.

இன்னொன்று. படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பது, மஞ்சள் மையால் கோடு போடுவது — இவை படித்த மாதிரி ஓர் உணர்வைத் தரும், அவ்வளவுதான். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சாராரை ஒரு பகுதியை மறுபடி படிக்கச் சொன்னார்கள். மறு சாராரைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி படித்தவர்களுக்கே மதிப்பெண் கூடுதல். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ், எழுதிப்பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். விடுதியில் பிள்ளைகள் நள்ளிரவுவரை எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

எழுதிப்பார்ப்பதற்குப் பதில் நான் வரையச் சொல்வேன். உங்கள் நாற்காலியில் ஆளுக்கொரு தாள் வைக்கச் சொல்லியிருந்தேன். பெற்றோரும் எடுத்துக்கொள்ளுங்கள், வெட்கம் வேண்டாம். அடுத்தவர் தாளைப் பார்க்கக் கூடாது.

தாளின் மேல்பாதியில் ஒரு சின்ன வட்டம். அது வாய்க்கால். அதைச் சுற்றி ஒரு வளையம், பென்சிலால் லேசாகத் தீற்றிவிடுங்கள். வலியை அடக்கும் சாம்பல்நிறப் பகுதி அது, இன்று அதைப் பற்றிப் பேச நேரமில்லை. வளையத்துக்கு மேலே, அக்கம்பக்கமாக இரண்டு மேடு, கூரைக் குன்றுகள். வளையத்துக்குக் கீழே இடமும் வலமும் இரண்டு உருண்டை, சிவப்புப் பேனா இருந்தால் நல்லது. அவற்றுக்குக் கீழே வெளிப்பக்கமாகச் சரியும் இரண்டு கறுப்புப் பிறை. அவற்றுக்கும் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தடித்த கால். நடுவில் பள்ளம் விடுங்கள். அந்தப் பள்ளத்திலிருந்து இரண்டு நரம்பு கிளம்பட்டும். இப்போது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வெளிக்கோடு.

போட்டாயிற்றா? இது புத்தகத்துப் படம். பிடரி மேலே, மூக்கு கீழே. தாளின் கீழோரத்தில் 'மூக்கு' என்று எழுதுங்கள்.

இனித் தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். இப்போது இது ஸ்கேன் படம். கால்கள் இரண்டும் மேலே வந்துவிட்டன. கண்ணைச் சற்று இடுக்கிப் பார்த்தால் இரண்டு பெரிய காதோடு ஒரு முகம் தெரியவேண்டும். அதோ, மூன்றாம் வரிசையில் ஒரு குட்டிப் பையன் கையைத் தூக்குகிறான். சொல்லுப்பா.

"மிக்கி மவுஸ்!"

ஆமாம். மிக்கியின் காது இருக்கும் பக்கம்தான் மூக்கு.